மாத வாடகைக்குள் ஒளிந்திருக்கும் சிஓஇ

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் உயர்ரக மின்சாரக் காரை விலை கொடுத்து வாங்காமல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு லீஸ் எடுக்கலாமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். கையிலிருந்து பெரிய முன்பணம் போகாது. சாலை வரி, காப்புறுதி, சர்வீஸ் எல்லாம் பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கிவிடும். எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் பேரம் பேசும்போது, “மாதம் எவ்வளவு? கொஞ்சம் குறையுங்களேன்” என்பதோடு நிறுத்திவிடுகிறோம். லீஸ் நிறுவனமும் ஐம்பது வெள்ளி குறைக்கும். நம்மவர்கள் உழைத்துச் சேர்த்த காசு இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்தக் கார் எந்தத் தேதியில் பதிவானது, அதற்குக் கட்டிய சிஓஇ, அதாவது ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழின் விலை, எவ்வளவு?

சிஓஇயின் ஆயுள் பத்து ஆண்டுகள், அதாவது 120 மாதங்கள். ஒரு காரின் சிஓஇ 120,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழுக்கு மட்டுமே மாதம் 1,000 வெள்ளி கரைகிறது. அதே மாதிரிக் கார், சிஓஇ 90,000 வெள்ளியாக இருந்தபோது பதிவாகியிருந்தால் மாதம் 750 வெள்ளிதான். மூன்று ஆண்டு லீஸில் வித்தியாசம் 9,000 வெள்ளி! இரண்டு கார்களுக்கும் ஒரே வாடகை சொன்னால், அந்த 9,000 யாருக்குப் போகிறது என்று தாராளமாகக் கேட்கலாம். ஏல முடிவுகள் மாதம் இருமுறை வெளியாகின்றன, எவரும் பார்க்கலாம். சிஓஇ ஏலத்தில், 110 கிலோவாட் வரை திறன் உள்ள மின்சாரக் கார்கள் ஏ பிரிவு. உயர்ரகக் கார்கள் பெரும்பாலும் அதைத் தாண்டுவதால், பி பிரிவு விலையைப் பாருங்கள்.

அப்புறம் வரி. காரின் ஓஎம்வி, அதாவது வரிகள் சேர்வதற்கு முந்தைய இறக்குமதி மதிப்பு, 80,000 வெள்ளி என்றால், ஏஆர்எஃப் எனும் கூடுதல் பதிவுக் கட்டணம் படிப்படியாக ஏறி 136,000 வெள்ளியில் போய் நிற்கும். மின்வாகனச் சலுகை கழிப்பது அதில் சிறு பங்குதான். பதிவை ரத்து செய்யும்போது திரும்பக் கிடைக்கும் தொகைக்கும் 2023 முதல் உச்சவரம்பு உண்டு. அந்த இழப்பு முழுவதையும் மாத வாடகைதான் சுமக்கிறது. எனவே விலை கூடிய, நீண்ட தூரம் ஓடும் பெரிய பேட்டரி ரகம் உண்மையிலேயே தேவையா என்று யோசியுங்கள். மேற்குக் கோடியிலுள்ள துவாஸிலிருந்து கிழக்குக் கோடியிலுள்ள சாங்கி வரை போனாலும் ஐம்பது கிலோமீட்டரைச் சுற்றித்தான். ஒரு படி கீழே இறங்கினால் கிடைக்கும் குறைப்பை எந்தப் பேரத்தாலும் வாங்க முடியாது.

என்னைக் கேட்டால், வேறொருவர் லீஸ் எடுத்துத் திருப்பிக் கொடுத்த, ஒன்றிரண்டு வயதுக் காரைத்தான் முதலில் தேடச் சொல்வேன். சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் அதன் சிஓஇ கரைவதால், நிறுவனத்துக்கு அதை ஓட்ட ஆள் வேண்டும். உங்கள் பேச்சுக்கு அங்கே பலம் அதிகம். பேட்டரியைப் பற்றிப் பயம் வேண்டாம். பல தயாரிப்பாளர்கள் எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் தருகிறார்கள். இருந்தாலும் பேட்டரி நிலை அறிக்கையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கிலோமீட்டர் வரம்பு, விபத்து நேர்ந்தால் நீங்கள் கட்ட வேண்டிய எக்செஸ் இரண்டையும் பாருங்கள். ஜோகூர் போகும் குடும்பம் என்றால் மலேசியாவுக்குள் ஓட்ட அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். கார் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், விஇபி எனும் மலேசிய வாகன நுழைவு அனுமதிக்கான பதிவை யார் செய்து தருவார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது பாதியில் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை. வேலை போகலாம், வெளிநாட்டுக்கு மாற்றலாகலாம். மீதி மாதங்கள் முழுவதற்கும் வாடகை கட்டு என்றிருந்தால் குடும்பமே ஆட்டம் கண்டுவிடும். வாடகையில் ஐம்பது வெள்ளி குறைப்பதற்குப் பதில், “இரண்டு மாத வாடகையோடு விலகிக்கொள்ளலாம்” என்பது போன்ற ஒரு நிபந்தனையைக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால், கையெழுத்துக்கு முன்பே அதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னது போதாது.

நன்றி, வணக்கம்.