11 பக்கம், கண்ணுக்கே தெரியாத எழுத்து: எஃப்.பி.ஐ. கேட்ட சாவியின் கதை

வணக்கம் நண்பர்களே! முதலில் திரையில் இருக்கிற இந்தக் காகிதத்தைப் பாருங்கள். எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி தெரிகிறதா? 4 பாயிண்ட் எழுத்து. செய்தித்தாளில் வருகிற எழுத்தில் ஏறக்குறையப் பாதிதான். இதே அளவில் 11 பக்கம் அச்சடித்து, 2013 ஆகஸ்டில் ஒருவர் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் கொடுத்தார்.

அவர் பெயர் லடார் லெவிசன். லாவாபிட் என்ற மின்னஞ்சல் சேவையை நடத்தியவர். அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனும் அதில் கணக்கு வைத்திருந்தார். அரசு தேடியது ஒரே ஒரு கணக்கை. கேட்டதோ மொத்தச் சேவைக்குமான குறியாக்கச் சாவியை, அதாவது பூட்டிய தகவலைத் திறந்து படிக்க உதவும் நீண்ட ரகசிய எழுத்து வரிசையை! 4 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்திய சேவை அது. ஒரு வீட்டைச் சோதனை போட வந்துவிட்டு, ஊரிலுள்ள எல்லா வீட்டுச் சாவியையும் கேட்டால் எப்படி?

சாவியைத்தானே கேட்டீர்கள், இந்தாருங்கள் என்று காகிதத்தில் கொடுத்தார் லெவிசன். மொத்தம் 2,560 எழுத்துகள். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒன்று பிசகினாலும் சாவி வேலை செய்யாது. படிக்கவே முடியவில்லை என்று அரசுத் தரப்பு முறையிட்டது. கோப்பாகக் கொடுக்கும்வரை நாளுக்கு 5,000 டாலர் அபராதம் என்று உத்தரவு வந்தது. இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு, சேவையையே இழுத்து மூடினார். ஏன் மூடினேன் என்று தன் வாடிக்கையாளர்களிடம் சொல்லக்கூட அவருக்கு அனுமதி இல்லை. அபராதத்தைவிட இந்த வாய்ப்பூட்டுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, சட்டத்தைச் சட்டென்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்கு வைத்திருப்பவரின் பெயர், முகவரிக்குச் சம்மனே போதும். யாரோடு எப்போது தொடர்புகொண்டார் என்பதற்குப் பொதுவாக நீதிமன்ற உத்தரவு வேண்டும். மின்னஞ்சலுக்குள் இருப்பதைப் படிக்கப் பொதுவாக வாரண்ட், அதாவது தக்க காரணம் காட்டி நீதிபதியிடம் வாங்கும் சோதனை அனுமதி.

அப்புறம் 2016. இந்த முறை சம்மன் போனது சிக்னல் என்ற செய்தி அனுப்பும் செயலிக்கு. இரண்டு தொலைபேசி எண்களைப் பற்றிய விவரம் கேட்டார்கள். அதில் ஓர் எண்ணுக்குக் கணக்கே இல்லை. இன்னொன்றுக்குச் சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நேரம். அவ்வளவுதான்! வேறெதையும் அவர்கள் சேர்த்துவைக்கவே இல்லை. சாவிக்காக லெவிசன் பட்ட பாடு இங்கே தேவைப்படவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒரு செயலியை நம்புவதற்கு முன் அது எதையெல்லாம் சேமிக்கிறது என்று பாருங்கள்.

சேமித்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் செல்போன் கோபுரப் பதிவு ஓர் உதாரணம். அமெரிக்காவின் கார்பென்டர் வழக்கில் 127 நாட்களில் ஒரே ஆளின் 12,898 இருப்பிடப் புள்ளிகள் அரசின் கைக்கு வந்தன. இப்படி எடுக்க வாரண்ட் வேண்டும் என்று 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, 5க்கு 4 என்ற கணக்கில்.

இப்போதே உங்கள் போனில் இருப்பிட வரலாற்றைத் திறந்து பாருங்கள். எத்தனை வருடம் பின்னால் போகிறது என்று கமென்ட்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.