ஓட்டைச் சட்டியும் எரிசக்திக் கணக்கும்

பேரன்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, என்னை அழைத்துப் பெருமைப்படுத்திய கட்டடக்கலைத் துறைத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் பாதியை மன்றச் செயலாளரின் அன்புக்கணக்கில் எழுதிவிடுங்கள்.

ரெவிட் போன்ற வரைபட மென்பொருளில் வரைந்த கட்டடத்தை, மென்பொருள்களுக்கிடையே கட்டட விவரங்களைக் கடத்தும் ஜிபிஎக்ஸ்எம்எல் கோப்பாக்கி, கட்டடத்தின் வெப்பத்தையும் எரிசக்தித் தேவையையும் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் ஏற்றும்போது நேரும் வடிவப் பிழைகளில் மூன்றைப் பற்றிப் பேசுகிறேன்: அளவலகு, மூடப்படாத அறை, இரு அறைகளுக்கிடையே ஜோடி சேராத பொதுச்சுவர்.

அளவலகுப் பிழை எளிது. எனர்ஜிபிளஸ் மீட்டரில் கணக்கிடுவது. மில்லிமீட்டரில் வரைந்ததை மாற்றாமல் ஏற்றினால் நீளம் 1000 மடங்காகும், கனஅளவு 100 கோடி மடங்காகும். இது கண்ணில் படாமல் போகாது.

மூடப்படாத அறை அப்படியன்று. ‘ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி’ என்பார்கள். நம் துறையைக் கெடுத்த பழமொழி இதுதான் என்று நான் போகுமிடமெல்லாம் சொல்லி வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு நானே கணக்கிட்டேன். குளிரூட்டும் தேவை வியக்கத்தக்க அளவு குறைவாக வந்தது. உரிமையாளருக்கு மகிழ்ச்சி; எனக்கோ அதைவிட மகிழ்ச்சி. அறிக்கையைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது, தேநீர் கொண்டுவந்த காவலாளி சற்று நின்று பார்த்துவிட்டு, “ஐயா, அந்த மேற்குப் பக்க வகுப்பா இவ்வளவு குளிர்ச்சி? மூணு மணிக்கு மேல உள்ளே உட்கார முடியாதுங்களே!” என்றார். அனைவரும் சிரித்தோம். நான் மட்டும் வீடு வந்து, இரவெல்லாம் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தேன். மேற்குச் சுவரின் முனைப்புள்ளிகள் ஒரே சமதளப் பரப்பில் அமையாததால், இறக்குமதியின்போது அச்சுவரே விடுபட்டிருந்தது. அதோடு அதிலிருந்த சன்னல்களும் போயின.

சுவர் இல்லாவிட்டால் வெயில் கொட்ட வேண்டாமா என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. எனர்ஜிபிளஸ் தனக்குத் தரப்பட்ட பரப்புகளின் வழியாக மட்டுமே வெப்பம் பாய்வதைக் கணக்கிடுகிறது. விடுபட்ட சுவர் அதற்குத் திறப்பன்று, வெப்பமே புகாத இடம். நிஜச் சட்டியில் ஓட்டையிருந்தால் நீராவி வெளியேறும். இந்தச் சட்டியில் ஓட்டைதான் மிகச் சிறந்த மூடி! கணக்கீட்டு ஓட்டம் தடையின்றி முடிந்தது, கொழுக்கட்டையும் வெந்தது. ஆனால் எனர்ஜிபிளஸ் தான் கண்ட குறைகளை எழுதிவைக்கும் பிழைக் கோப்பில், அந்த அறை முழுமையாக மூடப்படவில்லை என்ற எச்சரிக்கை முதலிலிருந்தே இருந்தது. எச்சரிக்கை, கடும்பிழை, ஓட்டத்தையே நிறுத்தும் பிழை என்று மூன்று நிலைகளில் அக்கோப்பு பேசுகிறது. நாம் மூன்றாவதற்கு மட்டுமே செவிசாய்க்கிறோம். தரை தலைகீழாக இருக்கிறது என்றுகூட அது சொல்லும், சாய்வுக் கோணம் 180 பாகைக்கு அருகில் இருக்க வேண்டுமென்றும் சொல்லும். படிப்பார்தான் இல்லை.

ஆகவே நான் விடாமல் கேட்டுவரும் கோரிக்கையை இம்மேடையிலும் வைக்கிறேன். எரிசக்திச் சிக்கனக் கட்டட விதிமுறையின்கீழ் ஒரு கட்டடம் முழுவதையும் கணினியில் கணக்கிட்டுத் தகுதி காட்டுபவர்கள், முடிவு அட்டவணையோடு பிழைக் கோப்பையும் முழுமையாக இணைக்க வேண்டும். ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் எதிரே, திருத்தினோம் என்றோ, இன்ன காரணத்தால் விட்டுவைத்தோம் என்றோ எழுதிக் கையொப்பமிட வேண்டும். வந்திருக்கும் பொறியாளர் பெருமக்கள் தங்கள் ஒப்பந்த ஆவணத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே போதும். இக்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்ட அறிக்கைகளிலிருந்தே இதைத் தொடங்கலாம் என்று துறைத் தலைவர் அவர்களைப் பணிவோடு வேண்டுகிறேன். அவர் தலையசைத்ததை அவையோர் பார்த்தீர்கள், எனக்குச் சாட்சி நீங்கள்.

மன்றச் செயலாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். பொதுச்சுவர் பற்றிச் சொல்வதாகச் சொன்னதைத் தேநீர் வேளைக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் மடிக்கணினிகளோடு வாருங்கள், கோப்பைத் திறந்தே பார்த்துவிடலாம்.