முகூர்த்தம் குறிக்கும் முன் பேச வேண்டியது

வணக்கம் நேயர்களே.

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்கு ஓர் அம்மா வந்தார். கையில் அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பத்திரிகை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. மகளுக்குக் கும்பகோணத்து மாப்பிள்ளை. கோயிலில் நாள் பேசியாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, சமையலுக்கும் சொல்லியாகிவிட்டது. "மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகு எந்த பாஸில், அதாவது எந்தத் தங்கும் அனுமதியில், இங்கே இருக்கப் போகிறார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் தாலி கட்டின பிறகு பார்த்துக்கலாம்மா" என்றார்.

2011இல் என் வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். என் கணவர் மன்னார்குடிப் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது கோலாலம்பூர். ஜாதகம் பார்த்தோம், புடவை எடுத்தோம், இரண்டு ஊரிலும் விருந்து வைத்தோம். அவர் இந்த நாட்டில் எந்தக் கணக்கில் வாழப் போகிறார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால் பட்டதை வைத்துத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

முதலில் கல்யாணம் எங்கே என்பது. இங்கேயே நடத்தினால் செலவு குறைவு, சொந்தக்காரர்கள் எல்லாரும் வரலாம் என்று நினைப்போம். சரி, ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, மனுக் கொடுக்கும் முன் இருவரும் அந்த வட்டாரத்தில் ஏழு நாள் தங்கியிருக்க வேண்டும். மனுக் கொடுத்த பிறகு பதிவு இலாகாவில் 21 நாள் அறிவிப்பு ஒட்டப்படும். ஏழும் இருபத்தொன்றும் இருபத்தெட்டு. இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் இங்கே வருகிறார்கள், ஆனால் 30 நாளுக்குத்தான். மாப்பிள்ளை விமானத்தைவிட்டு இறங்கிய அன்றே எல்லாம் தொடங்கினாலும் மிஞ்சுவது இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் கல்யாணமும் முடிந்து, குடிநுழைவுத் துறையில் மனுவும் கொடுக்க முடியுமா? அவர் மணமாகாதவர் என்று இந்தியத் தூதரகத்திலிருந்து வாங்க வேண்டிய கடிதம் ஒரு நாள் தாமதமானாலே கணக்கு கவிழ்ந்துவிடும். நாள் கடந்து தங்கினால் அது குற்றம். அந்தக் கறையோடு மனைவி பெயரைச் சொல்லி பாஸ் கேட்கப் போகக் கூடாது.

ஒருமுறை வந்து மனுக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போய், ஆறு மாதத்துக்குள் மறுபடி வந்து தாலி கட்டலாம். டிக்கெட் இரண்டு. தமிழ்நாட்டுச் சம்பந்தம் என்றால் நான் சொல்வது வேறு. அங்கேயே கல்யாணத்தை முடித்து, அந்த ஊர் சார்பதிவாளரிடம் பதிவு செய்து, ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்திலும் பதிந்துவிடுங்கள். அப்புறம் மாப்பிள்ளை இங்கே இறங்கும்போது கணவராக இறங்குவார். முப்பது நாளும் பாஸ் வேலைக்கே கிடைக்கும்.

இந்த நேரத்தில் உணவகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் வேலை பார்க்கும் தம்பிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தற்காலிக வேலை பெர்மிட்டில் இருப்பவர் இங்கே கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அந்த பெர்மிட்டின் நிபந்தனை. கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, வாடகை அறையில் குடும்பம் நடத்துகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் ஏமாற்றவில்லை, அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் காகிதத்தில் அவர்கள் கணவன் மனைவி இல்லை. பெர்மிட்டை முறையாக முடித்துக்கொண்டு ஊருக்குப் போய், அங்கே திருமணத்தைப் பதிந்து, கணவராகத் திரும்பி வருவதுதான் அவர்களுக்கு நேர்வழி. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டியிருக்கலாம். கஷ்டம்தான். பிள்ளை பிறந்த பிறகு படுகிற கஷ்டம் இதைவிடப் பெரியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பாஸ். கணவனோ மனைவியோ மலேசியர் என்றால் பொதுவாகக் கிடைப்பது நீண்டகாலச் சமூக வருகை பாஸ். நாம் லாங் டேர்ம் பாஸ் என்கிறோம். மாப்பிள்ளைக்கு நல்ல படிப்பும் அனுபவமும் இருந்தால், ஒரு கம்பெனி அவருக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ் எடுத்துக் கொடுக்கலாம். பெண் வீட்டார் பலருக்கு இரண்டாவதில்தான் ஆசை. சம்பளம் உண்டு, வந்த நாளிலிருந்து வேலை உண்டு. ஆனால் அந்த பாஸ் முதலாளியின் கையில் இருக்கிறது. வேலை போனால் பாஸும் போகும். லாங் டேர்ம் பாஸ் உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் நீங்கள் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். திருமண வழியில் பிஆர், அதாவது நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) கேட்பதற்கு, இந்த லாங் டேர்ம் பாஸில் தொடர்ந்து ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கேயே வாழ்வது என்று முடிவெடுத்தவர்களுக்கு நான் லாங் டேர்ம் பாஸைத்தான் சொல்வேன். சீக்கிரம் தொடங்கினால் அந்த ஐந்து வருடமும் சீக்கிரம் ஓடும்.

ஆனால் வேலை விஷயத்தைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். என் கணவர் கடைசல் பட்டறையில் பன்னிரண்டு வருடம் கை பழகியவர். பாஸ் கிடைத்த வாரமே ஒரு தொழிற்சாலையில் நேர்முகத்துக்குப் போனார். நானும் போயிருந்தேன். அங்கிருந்த பெண் கடப்பிதழைத் திறந்து, பாஸ் ஸ்டிக்கரில் இருந்த ஒரு வரியின் அடியில் பேனாவை வைத்தார். எந்த வேலையும் செய்யத் தடை என்று அதில் இருந்தது. "சாரி" என்று சொல்லி கடப்பிதழை மூடிக் கொடுத்துவிட்டார். அடுத்து இரண்டு இடம். அங்கேயும் அதே வரியைத்தான் காட்டினார்கள்.

எட்டு மாதம் அவர் வீட்டில் இருந்தார். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் எனக்குச் சாப்பாடு கட்டி வைப்பார். சாயங்காலம் வந்தால் வீட்டில் இருக்கிற குழாய், கதவுப் பிடி, மின்விசிறி எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டியிருக்கும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய தேதி வந்தால் அன்றைக்கு அவர் சாப்பிட மாட்டார். என்னிடம் கேட்கவும் மாட்டார். அந்த எட்டு மாதமும் தேவையே இல்லாதது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஏனென்றால், மலேசியரை மணந்தவர் லாங் டேர்ம் பாஸை வைத்துக்கொண்டே வேலை பார்க்கலாம். தனியாக எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வேண்டியதில்லை. வேலைக்கு எடுப்பவரின் கடிதத்தோடு கணவனும் மனைவியும் சேர்ந்து போய், குடிநுழைவுத் துறையில் வேலைக்கான அனுமதியைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வேலை கொடுக்க வந்தவர்களுக்கும் தெரியவில்லை. இப்போது நான் யாருக்குச் சொன்னாலும் முதலாளியிடம் இதை விளக்கி ஒரு கடிதம் எழுதி எடுத்துப் போகச் சொல்கிறேன். முதலாளி தயங்கினால் கடிதம் பேசும்.

மருமகளுக்கும் மருமகனுக்கும் சட்டத்தில் ஒரே தராசு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மலேசிய ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண், அரசியலமைப்பின் 15ஆவது பிரிவின் கீழ், இங்கே இரண்டு வருடம் வாழ்ந்த பிறகு குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். நடைமுறையில் அதைவிட எத்தனையோ மடங்கு காத்திருப்பவர்கள் உண்டு, ஆனால் வழி என்று ஒன்று இருக்கிறது. மலேசியப் பெண்ணை மணந்த ஆணுக்கு அந்தப் பிரிவே கிடையாது. 19ஆவது பிரிவில், 12 வருடத்தில் 10 வருடம் இங்கே வாழ்ந்து, மலாய் மொழியும் தெரிந்து, பொதுவாக எல்லா வெளிநாட்டவரும் கேட்பது போலத்தான் அவரும் கேட்க வேண்டும். என் போன்ற பெண்களுக்கு இது நெஞ்சில் தைக்கிற விஷயம். மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மாறும் வரை, மருமகன் வரும் வீடுகள் பிஆரை முதல் இலக்காக வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் பிள்ளைகள். இதைக் கவனமாகக் கேளுங்கள், பாட்டிமார்களே, உங்களுக்கும்தான். அப்பா மலேசியர், அம்மா இந்தியக் குடிமகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறக்கும் முன் அவர்கள் திருமணம் சட்டப்படி பதிவாகியிருந்தால்தான் அப்பாவின் குடியுரிமை பிள்ளைக்கு வரும். கோயிலில் தாலி கட்டி, ஆயிரம் பேர் சாட்சி என்றாலும், பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை அம்மாவை மட்டுமே சேர்ந்தது. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் அப்படித்தான். பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்ல என்று எழுதியிருப்பதை, ஐசி எடுக்கிற பன்னிரண்டு வயதில்தான் பல வீடுகள் முதன்முதலாகக் கூர்ந்து பார்க்கின்றன. நம் சமுதாயத்தில் இந்தத் துயரம் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கோயிலில் கல்யாணம் வைப்பவர்கள், அங்கே பதிவு இலாகாவின் உதவிப் பதிவாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அன்றைக்கே பதிந்துவிடலாம். எல்லாக் கோயிலிலும் இருக்க மாட்டார்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். தஞ்சாவூர்ப் பெண் தஞ்சாவூருக்குப் போவாள், குழந்தை அங்கே பிறக்கும். போகட்டும், அம்மாவின் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது. ஆனால் அப்பா மலேசியர் என்றால், அந்தக் குழந்தையை ஒரு வருடத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தொட்டில் போடுகிற விழாவோடு இதையும் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மா மலேசியர், அப்பா வெளிநாட்டவர், குழந்தை வெளிநாட்டில் பிறந்தது என்றால் இவ்வளவு காலமும் தானாகக் குடியுரிமை வராது. தாய்மார்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2021இல் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள், 2022இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். கடைசியில் 2024 அக்டோபர் 17 அன்று நாடாளுமன்ற மக்களவை, தாய்க்கும் அந்த உரிமையைத் தரும் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அந்தத் திருத்தம் நடப்புக்கு வந்த பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குத்தான் அது பொருந்தும். அதனால் வெளிநாட்டில் வாழும் மகள் கர்ப்பமாக இருந்தால், எங்கே பிரசவம் என்று முடிவெடுக்கும் முன் பதிவு இலாகாவில் தேதியைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். என் இரண்டு பிள்ளைகளையும் நான் இங்கேதான் பெற்றேன்.

நம் பிள்ளைகள் வெளியே போவதும் உண்டு. அமெரிக்க மாப்பிள்ளை என்றால் இரண்டு வழி. நிச்சயித்தவளாகப் போகும் கே-1 விசாவில் போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும், அனுமதி வரும்வரை வேலை பார்க்க முடியாது. கல்யாணத்தை முடித்து மனைவியாகப் போனால், இறங்கிய நாளிலிருந்தே அவள் நிரந்தரவாசி, வேலைக்கும் போகலாம். மகளைப் புது ஊரில் கையில் காசில்லாமல் உட்கார வைக்காத வழி எதுவோ, அதைத்தான் நான் சொல்வேன், இரண்டு மாதம் தாமதமானாலும். பிரிட்டன் மாப்பிள்ளையா, 2024 ஏப்ரலிலிருந்து புதிதாகத் துணை விசா கேட்பவர்களுக்குப் பொதுவாக வருடத்துக்கு 29,000 பவுன் வருமானம் காட்ட வேண்டும். சம்பளத்தைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த நாட்டு அரசே கேட்கிறது.

கும்பகோணத்து மாப்பிள்ளை பார்த்த அந்த அம்மாவிடம் வருகிறேன். இரண்டு மணி நேரம் பேசினோம். பெண் வீட்டில் கல்யாணம் நடக்கவில்லையே என்று அவருக்கு வருத்தம். மகள்தான் சமாதானப்படுத்தினாள். தாலி கட்டுவது அங்கே, சார்பதிவாளரிடமும் பிறகு சென்னையிலும் பதிவு, செந்தூல் மண்டபத்தில் முன்பு பேசிய தேதியிலேயே வரவேற்பு என்று முடிவானது. பத்திரிகையில் இரண்டு வரி மாறியது. மாப்பிள்ளை வந்த மறுவாரம் நாங்கள் நாலு பேரும் ஜாலான் டூத்தா குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகிறோம். ஃபைல் இப்போதே என் மேசை மேல் இருக்கிறது. மகளின் ஐசி நகல், சம்பளச் சீட்டு, படங்கள் எல்லாம் வைத்தாயிற்று. திருமணப் பத்திரத்துக்கு மட்டும் முன்னால் ஒரு பிளாஸ்டிக் உறையைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.