சுவர் இருந்தால்தான் சித்திரம்

(கோடைக்காலக் கூடைப்பந்து முகாமின் நிறைவு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, மாவட்டக் கூடைப்பந்துக் கழகச் செயலாளர் அவர்களே, இருபத்தொரு நாளும் காலை ஐந்தரைக்கு விசிலோடு வந்து நின்ற பயிற்சியாளர் தம்பிகளே, பிள்ளைகளுக்கு முட்டையும் பாலும் ஏற்றுக்கொண்ட ஜவுளிக்கடை அண்ணாச்சி அவர்களே, டி-சர்ட் கொடுத்த மருந்துக்கடை ஐயா அவர்களே, பெற்றோர்களே, என் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியை அம்மா கடைசி வரிசையில் நிற்கிறார்கள். அம்மா, நீங்கள் மேடைக்கு வர வேண்டும். தம்பி, அந்த நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் போடு. எனக்குப் போர்த்திய பொன்னாடையை நம் மைதானத்தில் முப்பது வருஷமாகக் கோடு போட்டுவரும் பெரியவருக்குப் போர்த்துகிறேன். அது அவருக்குச் சேர வேண்டியது.

இன்றைக்கு நான் பேசப்போகும் விஷயத்தைக் கொடுத்தது பிள்ளைகள்தான். பயிற்சி முடிந்து தண்ணீர் குடிக்கும்போது தினமும் ஒரே சண்டை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ. வரலாற்றில் மிகப் பெரிய பவர் பார்வர்டு யார்? "சார், நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் வந்துவிட்டார்கள். சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர்களுக்காக ஒரு வார்த்தை. ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் பவர் பார்வர்டு நாலாம் நம்பர். ரிங்குக்குக் கீழே முட்டிமோதி, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க வேண்டும், அதுதான் ரீபவுண்டு. தன்னைவிடக் கனமானவனை முதுகால் தாங்கி நிறுத்த வேண்டும். பந்து கைக்கு வந்தால் கூடையிலும் போட வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிறவர் மாதிரி. போட்டோவில் அவர் இருக்க மாட்டார், ஆனால் அவர் இல்லாவிட்டால் இலை நகராது.

ஐந்து பேரை வரிசைப்படுத்தப் போகிறேன். அளவுகோல் மூன்று. கோப்பை வாங்கினாரா, அடிக்கவும் தடுக்கவும் இரண்டு பக்கமும் ஆடினாரா, எத்தனை வருஷம் நிலைத்தார்.

முதல் இடம் டிம் டங்கன். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. 1997 முதல் 2016 வரை பத்தொன்பது சீசன், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற ஒரே அணி. 1999, 2003, 2005, 2007, 2014 என்று ஐந்து கோப்பை. 26,496 புள்ளிகள், 15,091 ரீபவுண்டுகள். 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மட்டும் 21 புள்ளி, 20 ரீபவுண்டு, கூட்டாளி கூடை போடப் பந்து கொடுத்த அசிஸ்ட் 10, எதிராளி போட்ட பந்தைத் தட்டிவிட்ட பிளாக் 8. நாலு பேர் செய்கிற வேலையை ஒருத்தர் ஒரே ராத்திரியில் செய்திருக்கிறார். அவர் ரிங்குக்கு அடியிலேயே நிற்கும் ஐந்தாம் நம்பர், சென்டர்தானே, பவர் பார்வர்டே இல்லையே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. 2003 வரை டேவிட் ராபின்சன் என்ற பெரிய சென்டர் பக்கத்திலேயே நின்றார். டங்கன் நாலாம் நம்பராகத்தான் ஆடினார். 2002, 2003 இரண்டு வருஷமும் வாங்கிய, சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதுகள் அப்போது வந்தவைதான்.

இந்த டங்கன் எங்கிருந்து வந்தார் என்பதைத்தான் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

கரீபியன் கடலில் செயின்ட் க்ரோய் என்று ஒரு சின்னத் தீவு. அப்பா கொத்தனார். அம்மா பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. பையனுக்குக் கூடைப்பந்து தெரியாது, நீச்சல்தான். அக்கா ஒருத்தி 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவள். தம்பி அவளைவிடக் கெட்டிக்காரன் என்று ஊரே சொன்னது. நானூறு மீட்டரில் நல்ல வேகம். ஒலிம்பிக் கனவு அவனுக்கும் இருந்தது. போட்டி நடந்தால் நீச்சல் குளத்தின் ஓரத்தில் அம்மா நின்று கத்துவது எல்லார் குரலுக்கும் மேலே கேட்குமாம். 'நல்லது, அதைவிட நல்லது, எல்லாவற்றையும்விட நல்லது, அதுவரை ஓயாதே' என்ற பொருளில் ஒரு பாட்டை அந்த அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

1989 செப்டம்பரில் ஹியூகோ என்ற புயல் வந்தது. நம் கடலோர மாவட்டத்துக்காரர்களுக்குப் புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தீவில் இருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல் குளத்தை அது நாசம் செய்துவிட்டுப் போனது. பயிற்சியாளர் கடலில் போய் நீந்தச் சொன்னார். பதின்மூன்று வயசுப் பையன், சுறாவுக்குப் பயம். இறங்க மாட்டேன் என்றுவிட்டான். அதே சமயத்தில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 1990 ஏப்ரலில், பையனின் பதினாலாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், அம்மா இறந்துபோனார். பையன் அதற்கப்புறம் போட்டியில் நீந்தவே இல்லை.

அந்த வீட்டு முற்றத்தில் ஒரு கம்பம் நின்றது. அமெரிக்காவில் இருந்த மூத்த அக்கா அனுப்பிய கூடைப்பந்துக் கம்பமும் போர்டும். அவனுக்கு மிஞ்சியது அதுதான். அக்காவின் கணவர் சாயங்காலம் சாயங்காலம் அதன் கீழே நிற்கவைத்துப் பந்தைத் தட்டவும் போடவும் சொல்லிக்கொடுத்தார். நீச்சல்காரன், பதினாலு வயசில் முதல்முறையாகப் பந்தை ஒழுங்காகத் தொட்டவன், ஏழு வருஷத்தில், அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.பி.ஏ. டிராப்டில் முதல் ஆளாகத் தேர்வானான்.

அதற்கு முன்பே எத்தனையோ அழைப்புகள். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தால் கோடிக்கணக்கில் பணம். வரவில்லை. படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் முழுசாகப் படித்து, உளவியல் பட்டம் வாங்கிக்கொண்டுதான் பணம் பக்கம் திரும்பினான். தாய்மார்களே, நீங்கள் கை தட்டுவது எனக்குக் கேட்கிறது. இன்னும் பலமாகத் தட்டலாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள் நம் பெரியவர்கள். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லுவேன், இங்கேயும் சொல்கிறேன். டங்கன் சித்திரம். அந்த முற்றத்துக் கம்பம் சுவர்.

இரண்டாவது, என் மனசுக்கு யானிஸ் அண்டெட்டோகும்போ. நைஜீரியாவிலிருந்து கிரேக்க நாட்டுக்குப் பிழைக்க வந்த குடும்பம். ஏதென்ஸ் தெருக்களில் கைக்கடிகாரமும் கண்ணாடியும் விற்றுச் சாப்பிட்ட பிள்ளைகள். அண்ணனும் தம்பியும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டு ஆடினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தும் 2013 வரை கிரேக்கக் குடியுரிமை கிடையாது. 2021 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளி. எதிரணி தப்பு செய்தால் தடுப்பில்லாமல் போடக் கிடைக்கும் ப்ரீ த்ரோவைப் போடத் தெரியாது என்று சீசன் முழுக்கக் கேலி பேசினார்கள். அன்றைக்கு 19இல் 17 போட்டார். ஐம்பது வருஷம் கழித்து அவருடைய மில்வாக்கி அணிக்குக் கோப்பை வந்தது. அவர் ஆடிப் பழகியது செப்போலியா என்ற பகுதியின் பொதுத் திடல். பிற்பாடு அந்தக் கோர்ட்டின் தரை முழுக்க அவர் உருவத்தையே பெரிய ஓவியமாகத் தீட்டினார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றேன் அல்லவா, அங்கே தரையிலேயே சித்திரம் வந்துவிட்டது!

மூன்றாவது கெவின் கார்னெட். 1995இல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக மின்னசோட்டா அணிக்கு வந்தவர். 2004இல் எம்.வி.பி., 2008இல் பாஸ்டனுக்குக் கோப்பை. தடுப்பாட்டத்தில் டங்கனுக்குச் சமமாக இவர் ஒருவரைத்தான் சொல்வேன். நாலாவது ஜெர்மனியின் டிர்க் நோவிட்ஸ்கி. ஒரு காலைத் தூக்கிப் பின்பக்கம் சாய்ந்து போடுவாரே, பையன்கள் எல்லாரும் காப்பியடித்துக் கீழே விழுகிறார்களே, அவர்தான். டல்லஸ் அணிக்கு மட்டும் இருபத்தொரு சீசன், 31,560 புள்ளி, 2011 கோப்பை. ஹோல்கர் கெஷ்விண்ட்னர் என்ற பழைய ஒலிம்பிக் வீரர் ஒரு பள்ளி ஜிம்மில் காசு வாங்காமல் அவரை உருவாக்கினார். ஐந்தாவது கார்ல் மலோன். 36,928 புள்ளி எடுத்தவரை ஐந்தாவதாக வைக்கிறீர்களே என்று செயலாளர் அவர்களே கேட்பார். 1997, 1998 இரண்டு இறுதித் தொடரிலும் சிகாகோவிடம் தோற்றார். கோப்பை முதல் அளவுகோல் என்று சொல்லிவிட்டேன், மாற்ற முடியாது.

சார்லஸ் பார்க்லியை விட்டுவிட்டீர்களே என்று அங்கே ஒரு தம்பி கையைத் தூக்குகிறான். ஐந்துக்குள் வரவில்லையப்பா, ஆனால் என் நெஞ்சுக்குள் இருக்கிறார். நாலாம் நம்பருக்கு வேண்டிய உயரம் இல்லாதவர். அலபாமாவில் லீட்ஸ் என்ற சிற்றூரில், இடுப்பு உயரக் கம்பி வேலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டியே கால் பலம் சேர்த்தவர்.

வேலி என்றதும் எனக்கு வேறு ஞாபகம் வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளும் வேலி தாண்டுகிறார்கள். மைதானத்துக்குள் போகத் தாண்டுகிறார்கள். ஊர் நடுவே, பொதுச் சொத்தாக, நல்ல சிமெண்டுத் தரையோடு கிடக்கிற கோர்ட்டைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு, டியூஷன் முடித்துப் பிள்ளை வரும்போது மணி ஆறரை. போன மாதம் ஒரு பையன் கேட் ஏறும்போது ஈட்டிக் கம்பி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது, ஆறு தையல். மறுநாள் அவன் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

பெண்பிள்ளைகள் கேட் ஏற முடியுமா? விளக்கில்லாத திடலுக்கு எந்தத் தாய் அனுப்புவாள்? முகாமில் அவ்வளவு அழகாக ஓடிவந்து எகிறி லே-அப் போட்ட பிள்ளைகள் நாளையிலிருந்து எங்கே போவார்கள்?

டங்கனின் பேர்போன ஷாட் எது? இடது பக்கம் சாய்வாக நின்று போர்டில் தட்டிப் போடுவது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைக் கற்றுக்கொள்ள இருபத்தொரு நாள் தலைகீழாக நின்றான். நம் போர்டின் இடது பக்கம் மழையில் ஊறி உப்பிக் கிடக்கிறது. பந்து அங்கே பட்டால் திரும்பாது, பொத்தென்று செத்து விழும். பையன் கையில் தப்பில்லை. சுவர் சரியில்லை, சித்திரம் எப்படி வரும்?

1891இல் ஸ்பிரிங்பீல்டில் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது, பெட்டி கேட்டுத்தான் போனார். கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட பணியாளர், பெட்டி இல்லை, பீச் பழக்கூடை இருக்கிறது என்று இரண்டை எடுத்துக் கொடுத்தார். அதனால்தான் இது கூடைப்பந்து. பூட்டுச் சாவியைக் கையில் வைத்திருந்த ஒரு மனுஷன் மனசு வைத்ததால் பிறந்த ஆட்டம் இது.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, நீங்கள் விளையாட்டை நேசிக்கிறவர் என்பது ஊருக்கே தெரியும். நாங்கள் ஸ்டேடியம் கேட்கவில்லை. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கேட் திறந்திருக்க வேண்டும். இரண்டு விளக்கு வேண்டும். இரண்டு புதுப் போர்டு வேண்டும். திறக்கவும் பூட்டவும் ஆள் இல்லை என்றால் சாவியை எங்களிடம் கொடுங்கள். நானும் முன்னாள் மாணவர்களும் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

மற்ற இரண்டு அளவுகோலையும் நான் முழுசாகச் சொல்லவில்லை, நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பிள்ளைகள் நாளைக் காலை வாருங்கள், பேசுவோம். வாசலில் டீ மேஜைக்குப் பக்கத்தில் மனு இருக்கிறது. பெற்றோர்கள் ஒவ்வொருவரும் பெயரும் தெருவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். கையில் தையல் போட்ட அந்தப் பையன்தான் மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். நன்றி, வணக்கம்.