வீட்டு அடுப்படிக்கு ஒரு மூடுற நேரம் இருந்துச்சு

(முதல் வருஷ மாணவர்களுக்காக ஒரு சாயங்காலம் பேசினது. மைக் மக்கர் பண்ண இடத்தை மட்டும் விட்டுட்டு மத்ததை பேசின மாதிரியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க உள்ள வாங்க, முன்னாடி சீட் காலியாதான் இருக்கு, கடிச்சு முழுங்கிட மாட்டேன். எனக்கு குடுத்த தலைப்பு முதல் வருஷத்துல வெயிட் போடாம இருக்கறது எப்படின்னு. அதை அவங்க வாசிச்சதும் பாதி பேரு வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நிமிர்ந்து உக்காந்தீங்க, மேடைல இருந்து பாத்தா நல்லாவே தெரியுது. விடுங்க, மூச்சு விடுங்க. அப்புறம் அந்த கடைசி வரிசைல ஒரு சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேக்குது, அதை நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, நீங்க பாட்டுக்கு சாப்பிடுங்க.

முதல்ல பயத்தை கொஞ்சம் இறக்கி வச்சிருவோம். அமெரிக்காவுல 'ஃப்ரெஷ்மேன் 15'னு ஒரு பேச்சு உண்டு, யுனிவர்சிட்டி போன முதல் வருஷமே 15 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 7 கிலோ ஏறிரும்னு. 1989ல 'செவன்டீன்'ங்கிற பத்திரிகைல வந்ததுக்கு அப்புறம்தான் அந்த பேரு ஊரெல்லாம் பரவுச்சு. ஆனா நிஜமா பசங்களை நிக்க வச்சு எடை பாத்த ஆராய்ச்சிங்களை 2015ல ஒண்ணா சேத்து பாத்தாங்க, மொத்தம் 32, சராசரியா ஏறினது 1.36 கிலோதான். 2011ல வந்த இன்னொரு கணக்குல 15 பவுண்டு ஏறினவங்க நூத்துக்கு பத்து பேர் கூட இல்ல, கால்வாசி பேருக்கு எடை குறைஞ்சே இருக்கு, அதை விட வேடிக்கை, அதே வயசுல யுனிவர்சிட்டி பக்கமே போகாதவங்களுக்கும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கு, ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் கால் கிலோ கூட கிடையாது. அந்த வயசுல உடம்பு இன்னும் வளர்ந்துக்கிட்டுதான் இருக்கும், பையன்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே.

அப்ப ஏன் இந்த கூட்டம், கெளம்பலாமான்னு கேக்காதீங்க. அந்த 2015 கணக்குலயே இன்னொரு வரி இருக்கு, பத்துல ஆறு பேருக்கு எடை ஏறுச்சு, அந்த ஆறு பேரை மட்டும் தனியா எடுத்து பாத்தா சராசரி 3.4 கிலோ. அதுவும் சில மாசத்துக்குள்ள. நான் அந்த ஆறுல ஒருத்தி. சொல்லப்போனா கொஞ்சம் தாராளமான ஒருத்தி.

என் கதையை சொல்லிடறேன். வருஷம் முழுக்க ஹாஸ்டல்ல ட்ராக் பேண்ட்தான். கிளாஸுக்கு, மெஸ்ஸுக்கு, தூங்கறதுக்கு, எல்லாத்துக்கும் அதேதான். அந்த இலாஸ்டிக் இருக்கே, அது மாதிரி நல்லவன் உலகத்துல கிடையாது, நம்மள பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லாது, நாம பெருக்க பெருக்க அதுவும் கூடவே பெருகும். லீவுக்கு வீட்டுக்கு போய் பழைய ஜீன்ஸை எடுத்து மாட்டினா, பட்டனுக்கும் ஓட்டைக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி. கட்டில்ல மல்லாக்க படுத்து, மூச்சை பிடிச்சு, கண்ணை மூடிக்கிட்டு ஒரு இழு இழுத்து பட்டனை போட்டேன். எழுந்து உக்காந்தேன். பட்டன் போய் அலமாரில அடிச்சுது. அம்மா எட்டி பாத்துட்டு "துணி துவைச்சதுல சுருங்கியிருக்கும்டி"ன்னு சொன்னாங்க, பெத்த மனசு.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சேன், நான் அப்படி என்னத்த தின்னுட்டேன்? மெஸ் சாப்பாடு ஒண்ணும் விருந்து இல்ல, பாதி நாள் குறை சொல்லிக்கிட்டேதான் சாப்பிட்டேன். அப்பதான் வீட்ல இருந்தபடியே கவனிச்சேன், ஒன்பது ஒன்பதரைக்கு அம்மா பாத்திரத்தை கழுவி கவுத்துட்டு அடுப்படி லைட்டை அணைச்சாங்க. அவ்ளோதான். அந்த லைட்டு அணைஞ்சதுக்கு அப்புறம் யாரும் சாப்பாட்டை பத்தி நினைக்கல, நான் உட்பட. இத்தனை வருஷம் நான் ஏதோ கட்டுப்பாடா சாப்பிட்டு வளர்ந்த பொண்ணுன்னு நினைச்சிருந்தேன், கட்டுப்பாடு என்கிட்ட இல்ல, அந்த லைட்டு சுவிட்ச்கிட்ட இருந்துருக்கு.

நீங்க இப்ப வந்திருக்கறது அந்த சுவிட்ச் இல்லாத இடம்.

ஹாஸ்டல் ரூம்ல பதினொன்றரை மணிய நினைச்சு பாருங்க. நாலு பேர், ஒரு லேப்டாப், கட்டில் மேல ஒரு பெரிய பாக்கெட். யாருக்கும் பசி கிடையாது. ஒருத்தி பிரிக்கிறா, பாக்கெட் சுத்துது, கண்ணு ஸ்க்ரீன்ல, கை பாட்டுக்கு போகுது வருது போகுது வருது, ஒரு கட்டத்துல விரல்ல வெறும் உப்புத்தூள் மட்டும் ஒட்டும் பாருங்க, அப்பதான் எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்போம், "அதுக்குள்ளயா?"ன்னு. எவ்ளோ சாப்பிட்டேன்னு யாருக்கும் தெரியாது. இதை யாரும் சாப்பாட்டு கணக்குலயே சேக்கறதில்ல, கேட்டா "ராத்திரி லைட்டாதான் சாப்பிட்டேன்"னு சொல்லுவோம், மெஸ்ல சாப்பிட்டதை மனசுல வச்சுக்கிட்டு.

இப்ப ஒரு சின்ன கணக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்புல தோராயமா 7,700 கலோரி. அந்த சராசரி 1.36 கிலோ முழுக்க கொழுப்புன்னே வச்சுக்கங்க, அஞ்சு மாசத்துல ஏறுச்சுன்னா ஒரு நாளைக்கு எவ்ளோ எக்ஸ்ட்ரா வருது? சுமார் 70 கலோரி. ரெண்டு சின்ன பிஸ்கட். உடம்பு இவ்ளோ நேர்கோட்டு கணக்கு போடாதுதான், ஆனா அளவு புரிஞ்சுதா? இதுக்காக யாரும் டயட் இருக்க வேணாம், சார்ட் போட்டு சுவத்துல ஒட்ட வேணாம். ஒரே ஒரு பழக்கத்தை நகர்த்தினா போதும். எந்த பழக்கம்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும், என்னோடது அந்த பதினொன்றரை மணி.

சில பேருக்கு அது டம்ளர்ல இருக்கும். பாட்டில்ல இருக்கும். 355 மில்லி கோலால 39 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட பத்து டீஸ்பூன். ஒரு டம்ளர் தண்ணில நீங்களே ஸ்பூன் ஸ்பூனா போட்டு பாருங்க, ஆறாவது ஸ்பூன்லயே கை தயங்கும். ஒரு நாளைக்கு சேக்குற சர்க்கரை 50 கிராமுக்குள்ள இருக்கட்டும், முடிஞ்சா 25ன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இது 2,000 கலோரி சாப்பிடற ஆளுக்கு. ஆனா சர்க்கரையை விட பெரிய விஷயம் ஒண்ணு, குடிக்கிற கலோரிய வயிறு சரியா எண்ணாது. 2000ல ஒரு ஆராய்ச்சி, 15 பேருக்கு தினமும் 450 கலோரி எக்ஸ்ட்ரா, நாலு வாரம் ஜெல்லி மிட்டாயா, நாலு வாரம் சோடாவா. மிட்டாய் தின்ன நாள்ல அவங்க தன்னாலயே மத்த சாப்பாட்டை குறைச்சுக்கிட்டாங்க, யாரும் சொல்லல. சோடா குடிச்ச நாள்ல ஒரு வாய் கூட குறைக்கல. கிரீம் போட்ட காபியும், ஜூஸும், எனர்ஜி ட்ரிங்க்கும் எல்லாம் இதே கதைதான். மதுவும் அப்படித்தான், கிராமுக்கு 7 கலோரி, கொழுப்புக்கு அடுத்த இடம், அதுக்கு மேல அதை பத்தி இந்த மேடைல பேசினா வார்டன் என்னைய இறக்கி விட்டுருவாரு.

மெஸ்ஸுக்கு வருவோம். நிறைய அயிட்டம் வரிசையா வச்சிருக்கிற இடத்துல அதிகமா சாப்பிடறது உங்க பேராசை இல்ல, நாக்கோட குணம். ஒரே ருசி சாப்பிட சாப்பிட சலிக்கும், புது ருசி வந்தா மறுபடி பசி மாதிரி ஒண்ணு எழுந்திரிக்கும். பார்பரா ரோல்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1981ல சாண்ட்விச் வச்சே காமிச்சாங்க, நாலு விதமா குடுத்தப்போ ஒரே விதத்தை விட மூணுல ஒரு பங்கு அதிகமா உள்ள போச்சு. அதனால நான் கண்டுபிடிச்ச வழி, தட்டை எடுக்காம முதல்ல ஒரு ரவுண்டு சும்மா போய் என்னென்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க, அப்புறம் தட்டை எடுங்க. பாக்கறதுக்கு ஏதோ சாப்பாட்டு இன்ஸ்பெக்டர் மாதிரி இருக்கும், பரவால்ல.

அடுத்தது கூட்டம். தனியா சாப்பிடறதை விட ஆளுங்களோட சாப்பிடும்போது சாப்பாடு 44 சதவீதம் பெருசா இருந்துச்சுன்னு 1989ல டி காஸ்ட்ரோங்கிற ஆராய்ச்சியாளர் ஜனங்களோட சாப்பாட்டு டைரிய வச்சு சொன்னாரு. அதுக்காக தனியா போய் சாப்பிடுங்கன்னு நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். முதல் வருஷத்துல தட்டை தூக்கிக்கிட்டு ஒரு மூலைல தனியா உக்காந்து சாப்பிட்ட சாப்பாடு எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், அதுக்கு பதிலா ரெண்டு கிலோ ஏறினாலும் தப்பில்ல. சாப்பிட்டு முடிச்சதும் அரட்டையை மட்டும் எடுத்துக்கிட்டு வெளிய வந்துருங்க. தட்டு முன்னாடியே உக்காந்து பேசினா கை சும்மா இருக்காது, அதே பேச்சை நடந்துக்கிட்டே பேசுங்க. இப்படி பேசி பேசியே நான் நடந்த தூரம் எந்த ஜிம்முலயும் நடந்ததில்ல. ஜிம்முல சேந்தேன், மூணு நாள் போனேன், நாலாவது நாள் கால் வலி, அஞ்சாவது நாள்ல இருந்து வெக்கம்.

ஸ்கூல்ல கேம்ஸ் ஆடின பசங்க யாராவது இருக்கீங்களா? கை தூக்குங்க. இவ்ளோ பேரா. உங்களுக்குத்தான் இதுல ஆபத்து ஜாஸ்தி. தினமும் ரெண்டு மணி நேரம் ஓடின உடம்பு திடீர்னு நாற்காலில உக்காந்துருச்சு, ஆனா தட்டுல விழுற அளவு பழைய அளவுதான். டீம்ல இடம் கிடைக்கலன்னா ஆட்டத்தையே விட்டுடாதீங்க, தோக்குற டீம்லயாவது போய் சேருங்க. வாரத்துக்கு 150 நிமிஷமாவது கொஞ்சம் வேகமா நடக்கற அளவு அசைவு வேணும்னு சொல்றாங்க, தூரத்துல இருக்கிற கிளாஸ் பில்டிங் உங்களுக்கு கிடைச்ச வரம்னு வச்சுக்கங்க.

தூக்கத்தை பத்தி இங்க சொன்னா சிரிப்பீங்க, தெரியும். 2004ல 12 ஆரோக்கியமான வாலிபப் பசங்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டாங்க. ரெண்டே ராத்திரி. போதும்னு சொல்ற லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைஞ்சுது, பசிக்குதுன்னு சொல்ற கிரெலின் 28 சதவீதம் ஏறுச்சு, பசியும் கூடிருச்சு, அதுலயும் இனிப்பு, உப்பு, மாவு இதுங்க மேலதான் ஆசை. நீங்க ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிட்டு மறுநாள் மத்தியானம் "இன்னைக்கு என்னமோ வாய் கேக்குது"ன்னு சொல்றீங்க பாருங்க, அது வாய் கேக்கல, நேத்து ராத்திரி கேக்குது.

இப்ப கொஞ்சம் சீரியஸா ஒண்ணு. இந்த மாதிரி பேச்சை கேட்டுட்டு நாளையில இருந்து காலைல சாப்பிட மாட்டேன், ராத்திரி மட்டும் ஒரு வேளைன்னு கெளம்புற ஆளுங்க இங்க கண்டிப்பா இருப்பீங்க. வேணாம். 1944, 45ல அமெரிக்காவுல மின்னசோட்டாவுல 36 வாலிபர்களை, அவங்க சம்மதத்தோடதான், ஆறு மாசம் அரை வயித்து சாப்பாட்டுல வச்சு பாத்தாங்க. உடம்பு எளைச்சுது, அது எதிர்பார்த்தது. எதிர்பார்க்காதது மனசு, அவங்களுக்கு சாப்பாட்டை தவிர வேற நினைப்பே இல்லாம போச்சு, சமையல் புஸ்தகத்தை உக்காந்து படிச்சாங்களாம், சமைக்கறதுக்கு இல்ல, சும்மா படிக்க. பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான். பகல்ல பூட்டி வச்சீங்கன்னா ராத்திரி கதவை ஒடச்சுக்கிட்டு வரும். என் ரூம்ல ஒருத்தி அப்படித்தான் ஆரம்பிச்சா, வெறும் ஆப்பிள்ல ஓட்டினா, நாங்க எல்லாம் "செம கன்ட்ரோல்டி உனக்கு"ன்னு பாராட்டினோம், இன்னைக்கும் அதை நினைச்சா எனக்கு கூசுது. சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடறது, எல்லார் முன்னாடியும் சாப்பிட தயங்கறது, பீரியட்ஸ் நின்னு போறது, தினம் நாலு தடவை எடை மெஷின்ல ஏறி இறங்கறது, இதெல்லாம் உங்ககிட்டயோ ஃப்ரெண்டுகிட்டயோ பாத்தீங்கன்னா பாராட்டாதீங்க, டாக்டர்கிட்டயோ கவுன்சலர்கிட்டயோ கூட்டிட்டு போங்க. மூணு கிலோ ஏறினது திரும்பி போயிரும், இது அப்படி சுலபமா போகாது.

மெஷின்னு சொன்னதும் ஞாபகம் வருது. உடம்புல சேமிச்சு வைக்கிற மாவுச்சத்து, அதுக்கு கிளைகோஜன்னு பேரு, அது ஒரு கிராமோட மூணு கிராம் தண்ணியும் சேந்துதான் இருக்கும், உப்பு கூடினாலும் தண்ணி நிக்கும், அதனால நேத்துக்கும் இன்னைக்கும் ஒரு கிலோ மாறினா அது தண்ணி ஆட்டம். எனக்கு மெஷினே இல்ல. என் அலமாரில இலாஸ்டிக் இல்லாத ஒரு பேண்ட் இருக்கு, மாசத்துக்கு ரெண்டு தடவை போட்டு பாப்பேன், அது பொய் சொல்லாது.

சரி, கேள்வி ஏதாவது? சொல்லும்மா.

"அக்கா, எக்ஸாம் டைம்ல ராத்திரி ஒரு மணிக்கு நிஜமாவே பசிக்குதே, அப்ப என்ன பண்றது?"

பசிச்சா சாப்பிடு தங்கம், அதுல என்ன சந்தேகம். ஏழரைக்கு சாப்பிட்டுட்டு ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்தா கல்லுக்கும் பசிக்கும். ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி கடலை, கொஞ்சம் பால், இப்படி ஏதாவது ரூம்ல வச்சுக்க. ஒரே ஒரு விஷயம், லேப்டாப்பை மூடிட்டு, கிண்ணத்துல போட்டு, உக்காந்து சாப்பிடு. பாக்கெட்ல இருந்து நேரா கைய விட்டா அடி தெரியாது. சாப்பிட்டு முடிச்சதும் லைட்டை அணைச்சிட்டு படு.

வேற யாராவது? இல்லையா. அப்ப கடைசியா நான் ஒண்ணு கேக்கறேன், அந்த சிப்ஸ் பாக்கெட் இப்ப எந்த வரிசைல இருக்கு? மூணாவது வரிசையா! நான் ஆரம்பிக்கும்போது கடைசில இருந்துச்சு. எத்தனை எடுத்தோம்னு யாராவது எண்ணினீங்களா? ...சரி சரி சிரிக்காதீங்க, மிச்சம் இருந்தா இப்படி முன்னாடி குடுங்க, நானும் இன்னும் சாப்பிடல.