பழைய பாட்டு: பாசமா, பிழைப்பா?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம்.

பழைய காலத்தைக் காட்டும் படங்கள் பாசத்தால் ஓடுகின்றன என்று பேச வந்தேன். எதிரணி நண்பர் விடவில்லை. "இயக்குநருக்குக் கதை தீருகிற இடத்தில் இளையராஜா பாட்டு ஆரம்பிக்கும்" என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ 1991ஆம் வருஷத்து ‘குணா’ பாட்டைப் போட்டே நம் பாக்கெட்டைக் காலி செய்ததாம். சரி, செய்தது.

ஆனால் ‘96’ படம்? பள்ளிக்கூடத்தில் இருந்தே ராம் ‘யமுனை ஆற்றிலே’ பாடச் சொல்கிறான், ஜானு பாடுவதே இல்லை. கடைசியில், கரன்ட் போன ராத்திரியில் பாடுகிறாள். ஐயா, கதை தீர்ந்தா பாட்டு வந்தது? அந்தப் பாட்டுக்காகத்தானே கதையே காத்துக் கிடந்தது!

நம் தெருவில் கரன்ட் போனால் பாட்டும் போய்விடும். வெள்ளிக்கிழமை, தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’. மொட்டைமாடியில் ஆன்டெனாவோடு சித்தப்பா, மாடிப்படியில் நான், டிவி முன்னால் தெருவே. "தெரியுதா?" என்பார். நான் உள்ளே கேட்பேன், "தெரியுதா?" "கோடு கோடா வருது!" திருப்புவார். "இப்போ?" "பாட்டு வருது, ஆளைக் காணோம்!" மறுபடி திருப்புவார். "வந்துடுச்சு! அப்படியே நில்லுங்க!"

நின்றார். கையை எடுத்தால் படம் போய்விடுமே! நிகழ்ச்சி முடிந்தது, கூட்டம் கலைந்தது, நாங்கள் சாப்பிட உட்கார்ந்து ரசம் ஊற்றும்போது மேலே இருந்து ஒரு குரல்: "இப்போ தெரியுதாடா?"

சிரிக்கிறீர்கள். நடுவரும் சிரிக்கிறார், மார்க்கில் காட்டுங்கள் ஐயா. ஆனால் அந்த மனுஷன் ஊருக்கே படம் காட்டிவிட்டு, ஒரு பாட்டைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டதோடு சரி. 2018இல் அவரை ‘96’க்குக் கூட்டிப்போனேன். ஜானு பாட ஆரம்பித்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "என்ன சித்தப்பா?" என்றேன். "உங்க சித்தி இருந்திருந்தா கூடவே பாடியிருப்பாடா" என்றார்.

இதற்கு மேல் வாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. பிழைப்பு என்கிறீர்களா, இருந்துவிட்டுப் போகட்டும். மணியடிக்கிறார்கள், ஒரே ஒரு சந்தேகம். எதிரணி நண்பரே, அதே காட்சியில் அடுத்த வரிசையில் நீங்கள் ஏன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தீர்கள்?