பின்பனியில் கோடியக்கரை

நேயர்களுக்கு வணக்கம்.

தை அமாவாசைக்குக் கோடியக்கரைக் கடலில் முழுக வருகிறவர்கள் அப்படியே பறவைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். அதோடு கூட்டம் கலைந்துவிடும். மாசி பிறந்த பிறகு யாராவது என்னிடம் பேசினால், "சீசன் முடிஞ்சிருக்குமே சார், இனிமே வந்து என்ன பார்க்கிறது?" என்றுதான் கேட்பார்கள். வேதாரண்யம் வட்டாரப் பள்ளிகளில் முப்பது ஆண்டு அறிவியல் பாடம் நடத்தியவன் நான். அந்த முப்பது ஆண்டும், ஓய்வு பெற்ற பிறகும், இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். மாசியில் வாருங்கள். ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் மாசியில் மட்டும் வாருங்கள்.

நம் முன்னோர் மாசியையும் பங்குனியையும் சேர்த்துப் பின்பனிக் காலம் என்றார்கள். கோடியக்கரையில் அந்தப் பெயர் அப்படியே பொருந்தும். விடியலில் உப்பளத்து வரப்புகூடத் தெரியாமல் பனி மூடியிருக்கும். எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒன்றரை மணி நேரம்தான் நமக்கு வேண்டிய நேரம்.

வேதாரண்யத்திலிருந்து கிளம்பினால் முதலில் அகஸ்தியம்பள்ளி, 1930-இல் ராஜாஜி தலைமையில் வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய இடம். அப்புறம் கோடியக்காடு. அதையும் தாண்டினால் கோடியக்கரை. நாகப்பட்டினத்திலிருந்து தெற்கு நோக்கி நேராக வந்த கரை இந்த இடத்தில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பாக் நீரிணை. எதிரே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இலங்கை. இந்த முனையில் பாலை மரங்கள் நிறைந்த காடு. அதற்கு மேற்கே, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீளும் பெரிய சதுப்பு. 1967-இல் அந்தக் காட்டுப் பகுதியைச் சரணாலயம் ஆக்கினார்கள். 2002-இல் சதுப்பும் சேர்ந்து, உலகின் முக்கிய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிலும் இடம் பிடித்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சதுப்பு ஏரி மாதிரி நிரம்பி நிற்கும். வலசை வந்த பறவைகள் அப்போதே இங்கே இருக்கும். ஆனால் கொசு உள்ளான் என்று ஒரு சிறு பறவை, அதன் கால் நம் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. முழங்கால் ஆழத் தண்ணீரில் அது எங்கே நின்று இரை தேடும்? ஓரத்து ஈரத்தில்தான் அலைய வேண்டும். தை பாதியில் தண்ணீர் வற்றத் தொடங்கும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேறு வெளியே வரும். அந்தச் சேற்றில்தான் புழுவும் பூச்சிகளின் குஞ்சுப் புழுவும் சிறு நத்தையும் இருக்கின்றன. ஆக மழைக்காலம் நிரப்பி வைத்த பந்தி பின்பனியில்தான் திறக்கிறது.

உள்ளான்களின் கதையைச் சொல்வதற்கு முன் பூநாரையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நேயர்கள் விடமாட்டீர்கள். தொலைவிலிருந்து பார்த்தால் உப்புத் தண்ணீரின் மேல் வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு கோடு போட்டது போல இருக்கும். கிட்டப் போகப் போக அந்தக் கோடு கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரியும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகு தலைகீழாக இருக்கும்படி தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சல்லடை போன்ற அமைப்பு இருக்கிறது. நுண்ணிய பாசியும் உப்புநீர் இறாலும் அதில் தங்கிவிடும். அதன் நிறமே அந்த இரையிலிருந்து வருவதுதான். இளம் பறவைகள் சாம்பல் பூசியது போல இருக்கும். இவை குஞ்சு பொரிக்கும் பெரிய இடம் குஜராத்தின் கட்ச் பாலைவனத்து உவர்நிலம். மாசியில் காற்றில்லாத காலையில் காது கொடுத்துக் கேளுங்கள். வாத்துக் கூட்டம் தூரத்தில் பேசிக்கொள்வது போன்ற ஓசை வரும். படத்தில் வராத பூநாரை அதுதான்.

சரி, உள்ளானுக்கு வருகிறேன். நான் உண்மையில் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

கொசு உள்ளான் ஒன்றின் எடை சாதாரணமாக 20, 25 கிராம். ஒரு நடுத்தர எலுமிச்சம்பழம் அதைவிட எடை கூடியது. இது முட்டையிடும் இடம் வட துருவத்தை ஒட்டிய பனிவெளி. இங்கிருந்து ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல். சித்திரைக்குள் கிளம்பியாக வேண்டும். போகும் வழிக்கு எரிபொருள் உடம்பில் சேரும் கொழுப்பு ஒன்றுதான். வலசைக்கு முன் கரையோரப் பறவைகள் பல தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். மாசியில் சேற்றைப் பார்த்தால் தையல் இயந்திரத்து ஊசி போல அலகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நிற்காது. பொங்கல் சமயத்தில் பார்த்த அதே பறவை, அதே இடம், ஆனால் அவசரம் வேறு.

நிறமும் மாறும். அலகு சற்றே கீழ்நோக்கி வளைந்த ஓர் உள்ளான் உண்டு. மார்கழியில் பார்த்தால் சாம்பலும் வெள்ளையுமாகப் பத்தோடு பதினொன்றாக நிற்கும். பங்குனி நெருங்கும்போது அதன் மார்பில் அங்கங்கே செங்கல் பொடி தூவியது போலச் சிவப்பு ஏறும். பழுப்புத்தலைக் கடற்காகம் பனிக்காலம் முழுக்க வெள்ளைத் தலையோடு, காதருகே ஒரு கறையோடு திரியும். மாசியில் கழுத்திலிருந்து காப்பித்தூள் நிறம் மேலேறி, கடைசியில் முகமூடி போட்டது மாதிரி ஆகிவிடும். திபெத்து மேட்டுநில ஏரிகளுக்குப் போகும் பறவை அது. பள்ளிப் பிள்ளைகளிடம் நான் கொடுக்கும் வேலை இதுதான்: ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய், எத்தனை கடற்காகத்தின் தலை கறுத்திருக்கிறது என்று எண்ணுங்கள். எந்தக் கருவியும் தேவையில்லை. நாட்காட்டியைப் பார்க்காமலே மாசி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உப்பளப் பக்கம் அழைத்துப் போயிருந்தேன். ஆயிரக்கணக்கில் உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கூட்டமாக எழுந்து வானத்தில் ஒரே நேரத்தில் திரும்பும்போது வெள்ளி போல மின்னுமே, அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டு, "கையைத் தட்டுங்கடா" என்றேன். எழுந்தன. அழகுதான். மறுபடியும் தட்டச் சொன்னேன். மூன்றாவது முறை தட்டியபோது பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, "ஏன் சார் அதுவொள எழுப்புறீங்க? ஊருக்குப் போற நேரம், திங்கவுடுங்க" என்றார். அவர் வலசை பற்றி எதையும் படித்தவர் அல்ல. வாழ்நாளெல்லாம் அந்தப் பறவைகளுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்தவர். நான் பட்டம் வாங்கிப் படித்ததில் விட்டுப்போனது அவருக்குத் தெரிந்திருந்தது. பறக்க எழும் ஒவ்வொரு முறையும் சேர்த்து வைத்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. மேயும் நேரமும் போகிறது. அன்றிலிருந்து நான் வரப்பை விட்டு இறங்குவதில்லை. சிலர் கூட்டத்தை நோக்கி வண்டியை ஓட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கும்போது, கோபத்தை விட எனக்கு அந்த அம்மாவின் குரல்தான் வருகிறது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல ஆண்டுகள் தங்கி, பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டிருக்கிறார்கள். 1980-களில் கரண்டி போன்ற அலகுள்ள ஓர் அரிய உள்ளானைக்கூட அவர்கள் இங்கே கண்டார்கள். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் இனம் பெருக்கும் பறவை அது. இன்று உலகம் முழுக்கச் சில நூறுதான் மிச்சம். அன்றிருந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சாதாரண உள்ளான்களும் இங்கே வெகுவாகக் குறைந்துவிட்டன. சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்தது ஒரு காரணம், உப்பளம் பரந்தது ஒரு காரணம். போகும் வழியில் உள்ள மற்ற கரைகளும் அழிந்து வருகின்றன. உப்பளம் எங்கள் ஊரின் சோறு, என் தகப்பனார் அதில்தான் எங்களை வளர்த்தார். அதனால் இதை எளிதாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

வெயில் ஏறினால் காட்டுப் பக்கம் வந்துவிடலாம். புல்வெளியில் வெளிமான்கள் நிற்கும். முறுக்கிய கொம்போடு முதுகு கறுத்த கலைமான் ஒன்று முகத்தை மேலே தூக்கி, கொம்பு முதுகில் படும்படி சாய்த்து, தன் எல்லையில் நடப்பதைப் பார்த்தால் அன்றைய பொழுது நிறைந்துவிடும். மட்டக்குதிரைகளும் அங்கேயே மேயும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரை ஏறியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன, மான்கள் பல இறந்தன. சாய்ந்த மரங்கள் சில தரையில் கிடந்தபடியே துளிர்விட்டிருக்கின்றன. அவற்றின் நிழலில் காலையும் மாலையும் ஆறு மணிக்கு ஒரு குரல் கேட்கும். ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், சிவப்பு என்று அத்தனை நிறம் இருந்தும் கண்ணில் படாது. சருகு நகர்வதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோடை மழைக்கு முன் அதுவும் வடக்கே போய்விடும்.

எல்லாமே போகிற இந்தப் பருவத்தில் ஒன்று மட்டும் வருகிறது. பங்குனி ஆமை. வருகிற மாதத்தையே பெயராக வைத்துவிட்டார்கள் மீனவர்கள். தை முதலே சில கரையேறும். இரவில் ஏறி, பின்னங்காலால் மணலைத் தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுத் திரும்பிவிடும். காலையில் மணலில் வண்டித்தடம் போல ஒரு தடம் மட்டும் இருக்கும். நரியும் நாயும் மோப்பம் பிடிப்பதற்குள் வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். கரையில் டார்ச் அடித்துக்கொண்டு திரியாதீர்கள். வெளிச்சம் கண்டால் தாய் ஏறாமலே திரும்பிவிடும். குஞ்சுகளோ அதைக் கடல் என்று நம்பித் திசை மாறும்.

மாசி கடைசியில் வாடை தணியும். தெற்கிலிருந்து சோழகக் காற்று எட்டிப் பார்க்கும். ஐப்பசியில் வெளியூர்களிலிருந்து வந்து கொட்டகை போட்டு மீன் பிடித்தவர்களும் கீற்றைப் பிரித்து, வலையைச் சுருட்டி, கருவாட்டு மூட்டையோடு கிளம்புவார்கள். சாயங்காலங்களில் உள்ளான் கூட்டங்கள் சத்தமிட்டபடி மேலே மேலே சுற்றி ஏறும். ஏறியவை இறங்காது. மறுநாள் காலை அந்தச் சேற்றில் கால்தடம் மட்டும் இருக்கும்.

ஆனால் எல்லாம் போவதில்லை. போன சித்திரையில், கத்திரி வெயில் தொடங்கும் முன், வற்றிய சதுப்பின் ஓரத்தில் முப்பது, நாற்பது உள்ளான்களைக் கண்டேன். மார்பில் சிவப்பு ஏறவே இல்லை, சாம்பலாகவே இருந்தன. முந்தின ஆண்டு பிறந்த இளசுகள். முதல் கோடையில் பல வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். வரப்பிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அவசரமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

வணக்கம்.